ராகிக் கொல்லையும் பல்கலைக்கழகமும்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் ஹனூரைத் தாண்டினால் கௌதள்ளி. பழைய கடிதங்களில் மைசூர் மாவட்டம் என்று முகவரி எழுதியிருப்பார்கள். 1997-ல்தான் சாமராஜநகர் தனி மாவட்டமானது. அதற்கும் பின்னால் போனால், கொள்ளேகால் தாலுகாவே சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1956-ல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது மைசூர்ப் பக்கம் போனது. எல்லைக்கோடு நகர்ந்தது, பேச்சு நகரவில்லை. இன்றும் இந்தப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒருவர் கன்னடத்தில் விலை கேட்டுவிட்டுத் தமிழில் பேரம் பேசலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ராகிக் கதிர் முற்றும் காலத்தில் காட்டோரக் கொல்லைகளில் பரண் ஏறும். இரவு முழுக்க ஒருவர் கண் விழித்திருக்க வேண்டும். கையில் டார்ச், பழைய தகரம், கொஞ்சம் பட்டாசு. யானை வரும்போது சத்தம் கேட்காது என்பார்கள் காவல் இருந்தவர்கள். கதிர் ஒடிபடும் சத்தம்தான் முதலில் கேட்கும். அந்தப் பரணில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கேட்டுக்கொண்ட கேள்வி உண்டு. காடு நிறையப் புல் கிடக்கிறது, மூங்கில் கிடக்கிறது. வெடிக்கும் விளக்குக்கும் நடுவில் உயிரைப் பணயம் வைத்து யானை ஏன் ராகிக்கு வருகிறது?

1980களின் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் அதே கேள்வியோடு இந்தக் காடுகளுக்கு வந்தார். சென்னையில் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கிலிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ராமன் சுகுமார். ஆசனூரில் தங்கி, சத்தியமங்கலம், சாமராஜநகர், பிளிகிரிரங்கன் மலைக் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்தார். எந்தக் கொல்லையில் எந்த இரவு எத்தனை யானை வந்தது, கொம்பனா, குட்டியோடு வந்த பெண் கூட்டமா என்று குறித்தார். காட்டுப் புல்லையும் ராகியையும் சோதனைக்கு அனுப்பினார். முற்றிய காட்டுப் புல்லைவிட விளைந்த பயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சோடியமும் கூடுதல். வளர்ந்த ஆண் யானைகளே பயிருக்கு அதிகம் வருகின்றன; நல்ல தீனி தின்று உடம்பைப் பெருக்கிய ஆணுக்கு இனப்பெருக்கத்தில் லாபம், ஆகவே அது அபாயத்துக்குத் துணிகிறது. பெண் கூட்டம் குட்டியை நினைத்துத் தயங்குகிறது. பரணில் இருந்தவர்களில் பலருக்குப் பாதி விடை முன்பே தெரியும். மீதிப் பாதிக்கு ஆய்வகமும் ஏழெட்டு வருடப் பொறுமையும் வேண்டியிருந்தன. 1989-ல் ஆசிய யானை பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. உலகில் யானையை ஆராயப் புகும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பண்பாட்டை எப்படி வலுப்படுத்துவது என்று நைரோபியிலும் டக்காரிலும் ஆண்டுக்கு ஆண்டு மாநாடு கூடிப் பேசுகிறார்கள். கௌதள்ளிக்கும் உகாண்டாவின் கம்பாலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் அந்தப் பரணில் இருக்கிறது. கேள்வி எங்கே பிறக்கிறது, யார் கேட்கிறார்கள், விடை வரும்வரை யார் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பழக்கமாகிறது அல்லது சடங்காகிறது. பணம் முக்கியம்தான். ஆனால் அது இரண்டாவதாக வருவது. இந்தச் சொற்பொழிவு அதைத்தான் சில கதைகளின் வழியே சொல்லப் பார்க்கிறது.

பக்கத்து மலையிலிருந்தே இன்னொரு கதை. பிளிகிரிரங்கன் மலையில் சோளிகர் என்னும் பழங்குடியினர் நெல்லிக்காய் பறித்து விற்றுவந்தார்கள். பறிப்பதால் நெல்லி அழிகிறதா என்று கேட்டு 1990களில் கமல் பாவாவும் அவரோடு சேர்ந்தவர்களும், பின்னர் அவர் தொடங்கிய அசோகா சூழலியல் அறக்கட்டளையும் ஆண்டுக்கணக்கில் மரங்களை எண்ணினார்கள். சோளிகர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். ‘உப்பிலு’ என்று அவர்கள் அழைக்கும் புல்லுருவி மரத்தைக் கொல்கிறது. அந்தக் காலத்தில் சருகுக்கு மட்டும் தீ வைப்போம், ‘தரகு பெங்கி’, அது உப்பிலையும் உண்ணிச்செடியையும் கட்டுக்குள் வைத்தது. 1974-ல் சரணாலயம் வந்ததும் தீ நின்றது, புதர் ஏறியது என்றார்கள். வனத்துறை காதில் இது குற்ற ஒப்புதல் போலக் கேட்டிருக்கும். ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதிக்கத் தக்க கருதுகோளாக எடுத்துக்கொண்டார்கள். காய் பறிப்பதைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடியும் நெல்லிக்குப் பெரிய எதிரி என்று அளவுகள் காட்டின. அதற்குள் சரணாலயத்தில் விற்பனைக்குக் காய் பறிப்பதே தடையாகியிருந்தது. ஆராய்ச்சி சரியாக இருந்தாலும் ஆணை அதைக் கேட்டுத்தான் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2011-ல் சோளிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தபோது இந்த மரக் கணக்குக் குறிப்பேடுகளுக்கு வேறொரு மதிப்பு வந்தது. பிறகு சோளிகர் சமூகத்திலிருந்தே சி. மாதேகவுடா முனைவர் பட்டம் பெற்றார். அதே காட்டில் 2022-ல் கண்டறிந்த ஒரு குளவிப் பேரினத்துக்குப் பூச்சியியலாளர்கள் ‘சோளிகா’ என்று பெயர் வைத்தார்கள்.

மைசூருக்கு இறங்குவோம். 1891-ல் தொடங்கிய கீழ்த்திசை நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரி நூலகர். தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஓலைக்கட்டு ஒன்றை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தவர் பெயரைச் சாமசாஸ்திரியும் குறிக்கவில்லை. நூலகர் வேலை ஓலையை வாங்கி, எண் போட்டு, அலமாரியில் வைப்பது. இவர் பிரித்துப் படித்தார். பெயர் மட்டுமே தெரிந்து, நூல் கிடைக்காமல் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த அர்த்தசாஸ்திரம் அது. 1905 முதல் மொழிபெயர்ப்புப் பகுதிகளை வெளியிட்டார். 1909-ல் மூலம், 1915-ல் ஆங்கில நூல்.

கண்டுபிடித்த கதையோடு நம் ஊர்ப் பேச்சாளர்கள் நிறுத்திவிடுவார்கள். ஆராய்ச்சிப் பண்பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. லாகூரில் யோலியும் ஷ்மிட்டும் வேறு பதிப்புப் போட்டார்கள். திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி வேறு சுவடிகளை வைத்து, உரையும் எழுதி, சாமசாஸ்திரி தவறிய இடங்களைத் திருத்தினார். பம்பாயில் ஆர்.பி. காங்லே எல்லாவற்றையும் ஒப்பிட்டு 1960களில் செம்பதிப்புக் கொண்டுவந்தார். 1971-ல் தாமஸ் டிராட்மன் சொற்களை எண்ணிக் கணக்குப் போட்டு, இது ஒருவர் எழுதியது அன்று என்றார். இலங்கையில் பிறந்த பேட்ரிக் ஒலிவெல் 2013-ல் புது மொழிபெயர்ப்பில் மறுபடி முடிச்சுகளை அவிழ்த்தார். ஓர் ஓலைக்கட்டு, நூறு வருடச் சண்டை. மைசூர் அலமாரியில் அந்த ஓலையைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்ட பெயர் தெரியாத ஊழியர்களும் அந்தச் சண்டையில் பங்காளிகள்தான்.

மைசூரிலேயே தமிழர்கள் அதிகம் பேசிய இன்னோர் அலமாரி உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தபோது தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் கூடவே வந்தன. மைப்படி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கைப்பழக்கம். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, மயிர்த் தூரிகையால் அறைய வேண்டும். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை. பிறகு மைப்பந்தால் ஒற்றினால் மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் போவதற்குள் காற்று அடித்தால் அரை நாள் வேலை போச்சு. பல இடங்களில் கோயிலுக்குத் திருப்பணி செய்கிறேன் என்று மணல் பாய்ச்சிக் கல்லை வழித்துவிட்டார்கள்; காகிதத்தில் இருப்பதே இன்று மூலம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்ற உத்தரவிட்டது. தமிழ்நாடு மகிழ்ந்தது, மகிழ வேண்டியதுதான். ஆனால் காகிதம் எந்த ஊர்ப் பீரோவில் இருக்கிறது என்று போட்ட வழக்கில் பாதி வேகத்தையாவது, அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குவதில் காட்டியிருக்கலாம். வட்டெழுத்தையும் கிரந்தத்தையும் தடையில்லாமல் வாசிக்கும் இருபத்தைந்து வயதுக்காரரைத் தேடிப் பார்த்தால் விஷயம் புரியும்.

மாநிலப் பல்கலைக்கழகம் என்றாலே பட்டம் அச்சடிக்கும் இடம் என்று இப்போது பேசுகிறோம். அப்படி இல்லாத காலம் ஒன்று இருந்தது, அதுவும் சென்னையிலேயே. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவராக சி.வி. ராமனை அழைத்தார். ராமன் தான் வராமல், தன் மாணவரைக் கைகாட்டினார். 1952-ல் கோ.நா. ராமச்சந்திரன் கிண்டிக்கு வந்தபோது வயது முப்பது. எதை ஆராய்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்த சமயம் படிகவியலறிஞர் ஜே.டி. பெர்னல் சென்னைக்கு வந்து, கொலாஜன் புரதத்தின் கட்டமைப்பு யாருக்கும் பிடிபடவில்லை என்றார். தோல் ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரம். அங்கே கொலாஜனுக்குப் பஞ்சமில்லை. நல்ல எக்ஸ்ரே படம் கொடுத்தது கங்காருவின் வால் தசைநாண். இந்தியத் தோல் தொழிலின் தலைநகர்களில் ஒன்றில் உட்கார்ந்து தோலின் புரதத்தை ஆராய்ந்ததில் ஓர் ஊர்ப்பொருத்தம் இருக்கிறது. 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழை முறுக்கிய சுருள் அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

இதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், அடிப்படை சரி, ஆனால் சில அணுக்கள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக நிற்கின்றன, இயற்கையில் அப்படி நிற்காது என்றார்கள். அந்தக் காலத்தில் கிரிக் சொன்னால் அதுவே தீர்ப்பு. சென்னைக்காரர் கோபித்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. ‘எவ்வளவு நெருங்கலாம் என்று யார் அளந்தார்கள்?’ என்று கேட்டார். வெளிவந்திருந்த படிகக் கட்டமைப்புகளை எல்லாம் புரட்டி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் குறைந்தபட்ச இடைவெளி என்ன என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கணக்கிட்டார்கள். 1963-ல் மூவர் பெயரோடு வந்த கட்டுரைதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எந்தப் புரதக் கட்டமைப்பைத் தீர்த்தாலும் அந்தக் கிண்டிக் கட்டத்துக்குள் புள்ளி வைத்துப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. ஒரு குறையைச் சொன்னார்கள். அதிலிருந்து மூலத்தைவிடப் பெரிய விடை வந்தது. அதே ஆண்டு சென்னையில் அவர் கூட்டிய பன்னாட்டுக் கருத்தரங்குக்குக் கடல் தாண்டி ஆட்கள் வந்தார்கள்.

மதுரையிலும் ஒன்று நடந்தது, அது கொஞ்சம் விசித்திரமானது. ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் உயிர்க் கடிகாரம் பற்றிப் பயின்று திரும்பிய எம்.கே. சந்திரசேகரன், 1970களின் நடுவில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விலை உயர்ந்த கருவிக்கு வழியில்லை. மதுரையைச் சுற்றிக் குன்றும், குன்றில் குகையும், குகையில் வௌவாலும் உண்டு. மாணவர் மாரிமுத்துவோடு சேர்ந்து, இருட்டுக் குகையின் உள்ளே ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். பகல் இரவு தெரியாத இருட்டிலும் அது அந்தியில் சரியாக விழித்தது. காரணம், சுற்றியிருந்த தோழர்கள் பறந்து போய் வரும் சந்தடி. யாருமில்லாத தனிக் குகையில் அடைத்ததும் அதன் கடிகாரம் தன் போக்கில் நழுவியது. 1981-ல் வெளிவந்த இந்தச் சோதனைக்குச் செலவு என்று சொன்னால் கூண்டும் பதிவுக் கருவியும், ராத்திரித் தூக்கமும்தான். பிறகு பல்கலைக்கழக வளாகத்திலேயே கடிகாரமோ சன்னலோ இல்லாத அறைகள் கட்டி, மனிதர்களை வாரக்கணக்கில் தங்க வைத்து அவர்கள் உறக்கமும் விழிப்பும் எப்படி நகர்கின்றன என்று பார்த்தார்கள். இந்த வேலைக்கு அமெரிக்க வளாகம் தேவைப்படவில்லை. நாகமலையைப் பார்த்தபடியே அது நடந்தது.

இனி ஆப்பிரிக்கா. நைஜீரியாவில் 1948-ல் தொடங்கிய இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு கென்னத் டிகே லண்டனில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு வந்தார். ஆப்பிரிக்காவின் வரலாறு என்றால் ஐரோப்பியர் எழுதிவைத்த காகிதம் என்றிருந்த காலம். நைஜர் முகத்துவார வணிகத்தைப் பற்றி எழுதியபோது, அந்த ஊர்களில் வாய்வழியாக வந்த செய்திகளையும் சான்றாக எடுத்துக்கொண்டார். 1956-ல் நூல் வெளிவந்தது. நைஜீரியாவின் ஆவணக் காப்பகத்தை உருவாக்கியவரும் அவரே. மாவட்ட அலுவலகங்களில் செல்லுக்கு இரையாகிக் கிடந்த கோப்புகளைத் திரட்டினார். அவரையும் ஜேக்கப் அஜாயியையும் சுற்றி ஒரு வரலாற்றுப் பள்ளியே எழுந்தது. மாதேஸ்வரன் மலைக்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. கம்சாளே என்னும் தாளம் தட்டிக்கொண்டு இரவிரவாகப் பாடும் மாதேஸ்வரன் காவியத்தை மைசூர்ப் பல்கலைக்கழகத்து நாட்டாரியல்காரர்கள் 1970களில் ஏட்டில் ஏற்றினார்கள், பி.கே. ராஜசேகரின் பதிப்பு அந்தக் காலத்தது. பாட்டையும் கோப்பையும் ஒரே தராசில் வைக்கலாம் என்று இபாதானில் ஒருவரும் மைசூரில் சிலரும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் துணிந்தார்கள்.

அப்புறம் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் சரிவு. 1980களில் கடன் நெருக்கடி. அரசுச் செலவைக் குறைக்கச் சொல்லி வந்த சீரமைப்புத் திட்டங்கள். ஆரம்பக் கல்விக்குப் போடும் காசுக்குத்தான் அதிக வரவு, உயர்கல்விக்கு இல்லை என்று உலக வங்கியின் பொருளாதாரக் கணக்கு. இதழ்கள் வருவது நின்றது, சம்பளம் கரைந்தது, பேராசிரியர்கள் கப்பல் ஏறினார்கள், ஏறாதவர்கள் சம்பளத்துக்கு வெளியே வழி தேடினார்கள். உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் அந்த வழிக்குப் பெயர் ஆலோசனைப் பணி. ஐ.நா. அமைப்போ தொண்டு நிறுவனமோ ஒரு கேள்வி கொடுக்கும். மூன்று மாதத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகச் சம்பளத்தைப் பார்க்கிலும் நல்ல தொகை.

பம்பாயில் பிறந்து கம்பாலாவில் வளர்ந்த மஹ்மூத் மம்தானி 2010-ல் மக்கரேரே சமூக ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார். நிறுவனம் பெயரளவில் ஆராய்ச்சிக்கானது, நடப்பில் அறிக்கைப் பட்டறை என்று கண்டார். அடுத்த ஆண்டு அவர் பேசிய ஓர் உரை ஆப்பிரிக்கா முழுக்க விவாதமானது. அதன் சாரம்: ஆலோசகர் பிறர் கேட்ட கேள்விக்கு விடை தேடுகிறார், ஆராய்ச்சியாளரின் முதல் வேலை கேள்வியையே உருவாக்குவது. ஆப்பிரிக்காவைப் பற்றிய கேள்விகளை மேற்கு கேட்க, ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் தரவு திரட்டிக் கொடுக்கும் கூலியாகிவிட்டது என்றார். ஐந்தாண்டு முனைவர் படிப்பை அங்கேயே தொடங்கினார். முதல் இரண்டு ஆண்டுகள் படிப்பும் விவாதமும்தான், களத்துக்கு அப்புறம். பல சச்சரவுகளும் வந்தன. போராட்டம், அலுவலகப் பூட்டு, செய்தித்தாள் பரபரப்பு. அவர் முறை எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். நோயைச் சரியாகக் கண்டார் என்பதில் ஐயமில்லை.

நம்மிடமும் அந்த நோய் உண்டு. அறிகுறி மட்டும் வேறு. இங்கே கேள்வியை வெளிநாட்டு நிறுவனம் கொடுப்பதில்லை, புள்ளிப் பட்டியல் கொடுக்கிறது. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று மதிப்பெண் வகுத்தது. சந்தை உடனே விழித்துக்கொண்டது. ‘சர்வதேச’ என்று தொடங்கும் பெயரில், தெருமுனை டி.டி.பி. கடையிலிருந்து நடத்தக்கூடிய ஜர்னல்கள் பெருகின. காசு கட்டினால் வாரத்தில் கட்டுரை வரும். மானியக் குழு அங்கீகாரப் பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதே பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அப்புறம் ‘கேர்’ பட்டியல் வந்தது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற விதியை 2022-ல் எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டு, அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பதினைந்து வருடத்தில் இத்தனை திருப்பம். நடுவில் சிக்கிய மாணவர் ஒருவரின் ஐந்து வருடத்தை எண்ணிப் பார்த்தால், அவர் ஆராய்ந்தது தன் தலைப்பையா விதிமுறையையா என்ற சந்தேகம் வரும்.

நேரம் என்று ஒன்று இருக்கிறதே. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது மானியக் குழுக் கணக்கு. அது காகிதத்தில். காலியிடங்களை நிரப்பாத துறையில் இருவர் வேலையை ஒருவர் பார்ப்பார். அதோடு சேர்க்கைக் குழு, விடைத்தாள் கட்டு, தேர்தல் பயிற்சி, தர மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன் ஆறு மாதம் புகைப்படமும் கோப்பும். கௌரவ விரிவுரையாளர் என்றால் கௌரவம் பெயரில் மட்டும். மணிக்கணக்கில் சம்பளம், அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்று தெரியாது. பதினைந்து வருடம் ஒரு குகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் திட்டத்தை அவர் எப்படி எழுதுவார்?

சாமராஜநகரையே எடுத்துக்கொள்ளலாம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக இருந்தது 2023-ல் தனிப் பல்கலைக்கழகமானது. காட்டோரப் பிள்ளைகளுக்குப் பெயரளவிலாவது பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். 2025 பிப்ரவரியில், பணமில்லை, ஆசிரியரில்லை, புதிதாகத் தொடங்கியவற்றில் ஒன்பதை மூடிப் பழையவற்றோடு சேர்த்துவிடலாம் என்று கர்நாடக அமைச்சரவைத் துணைக்குழு யோசனை சொன்னது. சாமராஜநகரும் பட்டியலில் இருந்தது. பெயர்ப்பலகையைத் திறந்தவர்களும் கழற்றச் சொன்னவர்களும் கட்சியால் வேறு. யானை, புலி, சோளிகர் அறிவு, காவிரிக் கரைக் கல்வெட்டு, வாய்மொழிக் காவியம் என்று ஒரு நூற்றாண்டுக்குப் போதுமான கேள்விகள் வாசலில் கிடக்கும் மாவட்டம் இது. அந்தக் கேள்விகளுக்கு ஆள் வேண்டும் என்று இரு தரப்பிலும் யாரும் வாதாடியதாக நினைவில்லை.

நடந்திருக்கும் நல்லதையும் பார்க்க வேண்டும். கேமரூனில் பிறந்த கிறிஸ்டியன் ஹாப்பி, ஹார்வர்டு வேலையை விட்டுவிட்டு நைஜீரியாவின் எடெ என்ற நகரில், ரிடீமர்ஸ் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வு மையம் அமைத்தார். 2014-ல் லாகோசுக்கு எபோலா வந்தபோது அதைச் சோதனையில் உறுதிசெய்ததில் அவர் குழுவுக்குப் பங்கு உண்டு. 2020 பிப்ரவரி இறுதியில் நைஜீரியாவில் முதல் கொரோனா நோயாளி. மாதிரி கைக்கு வந்த சில நாளில் அந்தக் குழு முழு மரபணு வரிசையை உலகுக்குத் திறந்து வைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் வரிசை அதுதான். எடெக்கு அந்தத் திறமை ஒரே வாரத்தில் வரவில்லை. லாசா காய்ச்சல் என்ற உள்ளூர் நோயைப் பல வருடம் துரத்திய கை அது. உள்ளூர்க் கேள்வியில் பழகிய கைக்கு உலகக் கேள்வி வந்தபோது தடுமாற்றமில்லை.

2021 நவம்பரில் போட்ஸ்வானாவில் சிகுலிலே மோயோ குழுவும் தென்னாப்பிரிக்காவில் துலியோ டி ஒலிவேராவின் வலையமைப்பும் புதிய கொரோனாத் திரிபைக் கண்டு உடனே அறிவித்தார்கள். 26-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒமிக்ரான் என்று பெயரிட்டது. பரிசாகக் கிடைத்தது விமானத் தடை. முதலில் சொன்னவனுக்குத் தண்டனை என்றால் அடுத்த முறை யார் சொல்வார்கள் என்று அங்குள்ள விஞ்ஞானிகள் கேட்டார்கள். ஆராய்ச்சிப் பண்பாட்டை வலுப்படுத்துங்கள் என்று ஆப்பிரிக்காவுக்கு உபதேசிக்கிறவர்கள் அந்த வாரத்தை நினைவில் வைத்திருக்கலாம்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கணக்கு முடியாது. உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுவோம் என்பது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நீண்ட நாள் வாக்குறுதி. பெரும்பாலான நாடுகள் பக்கத்தில்கூட வரவில்லை. சிரிக்க நமக்கு வாயில்லை, 2020-21-ல் இந்தியா செலவிட்டது 0.64 சதவீதம். நூலகத்துக்கு மட்டும் ஒரு நல்ல சேதி: 2024 நவம்பரில் மத்திய அரசு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் திறந்துவிட ஒப்புதல் தந்தது. கிண்டியில் ராமச்சந்திரன் கப்பலில் வரும் இதழுக்குக் காத்திருந்தார். ஹனூர் அரசுக் கல்லூரி மாணவர் நினைத்தால் ‘நேச்சர்’ இதழைக் கைப்பேசியில் பிரிக்கலாம். பிரித்ததைச் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வெள்ளிக்கிழமை மாலைதோறும் நாலு பேர் கூடுகிறார்களா, தவறு என்று பட்டால் நெறியாளர் எதிரிலேயே சொல்ல மாணவருக்கு வாய் வருகிறதா என்பதற்கு எந்தத் திட்டத்திலும் ஒதுக்கீடு இல்லை. டக்காரில் 2015-ல் கூடி ஆப்பிரிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகக் கூட்டணியைத் தொடங்கியவர்களும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள்.

காத்திருப்புக்கு ஒரு கடைசிக் கதை. முதுமலையில் 50 ஹெக்டேர் காடு ஒன்றை 1988-ல் இந்திய அறிவியல் கழகம் அளந்து கட்டம் போட்டது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள ஒவ்வொரு தண்டிலும் எண் பொறித்த தகடு. ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக முளைத்தது, எதை யானை முறித்தது, எதைத் தீ தின்றது என்று கணக்கு. நாலு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றளவு. தொடங்கியபோது கையில் நாடா பிடித்தவர்களில் பலருக்கு இப்போது ஓய்வுபெறும் வயது. தகடு தொலைந்த மரத்துக்குப் பழைய பதிவேட்டைப் பார்த்து அதே எண்ணை மறுபடி அடிக்கிறார்கள். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கங்களில் இருக்கும் மரங்களில் பல இன்று இல்லை. அவை செத்த வருடம் பக்கத்திலேயே குறித்திருக்கிறது.